மேற்குச் சுவருக்கு ஓதம்

கருங்கல் சுவர் தண்ணீர் குடிக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. மண் சுவர் கரையும், செங்கல் ஊறும், சிமெண்ட் பூச்சு விரிசல் விட்டால் கசியும், அதெல்லாம் தெரிந்த கதை. சங்ககிரி மலைப்பக்கம் உடைத்த கல்லை ஒரு முழத்துக்கும் மேல் தடிமனாக அடுக்கிக் கட்டிய சுவர், ஒரு சாயங்கால மழையில் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்து நின்றால் யார் நம்புவார்கள்? நான் நம்பவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று நனைந்தது. முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். மறுபடியும் நனைந்தது. அடப்பாவி, கல்லா நீ என்று சுவரைப் பார்த்தே கேட்டுவிட்டேன்.

அந்தச் சுவருக்குள் மழை இறங்காமல் காப்பாற்றுகிறேன் பேர்வழி என்று நான் அலைந்த அலைச்சலில் என் மாமனாரின் உயிர் போகப் பார்த்தது. இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு வார்த்தைதான் சம்பந்தம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் கோபம் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருக்கிறது.

வீட்டில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான், நானும் மாமனாரும். என் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படித்துக்கொண்டிருந்தாள். மாமியார் நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். லோடு ஏறவில்லை, வண்டி வரவில்லை, டிரைவர் போனை எடுக்கவில்லை என்று நாள் முழுக்கக் கத்திக் கத்தி, வீட்டுக்கு வந்த பிறகும் என் குரல் இறங்காது. உப்பு எடுத்துத் தாங்க என்று கேட்டால்கூட சண்டைக்கு நிற்பது போல இருக்கும் என்று மகள் சொல்வாள். மாமனார் எனக்கு நேர் எதிர். கல்லுளிமங்கன் என்று ஒரு சொல் இருக்கிறதே, அது அவரைப் பார்த்துத்தான் வந்திருக்க வேண்டும். சோறு போதுமா என்று கேட்டால் தலையாட்டுவார். அந்த ஆட்டல் போதும் என்றா இன்னும் வேண்டும் என்றா என்பது அவருக்கே வெளிச்சம்.

சுவர் நனையக் காரணம் எங்கள் வீட்டு அறிவாளித்தனம்தான். மேற்குப் பக்கம் ஓடு நீளமாக இறங்கி, அந்தச் சுவருக்குக் குடை பிடித்த மாதிரி தாழ்வாரம் இருந்தது. ரிக் வண்டி பின்னால் எடுத்து நிறுத்த இடம் பற்றவில்லை என்று என் கணவர் ஒருமுறை ஊருக்கு வந்தபோது அந்தத் தாழ்வாரத்தையே வெட்டி எடுத்துவிட்டார். வண்டி சுவரை ஒட்டி ஜம்மென்று நின்றது. இந்தப் பக்கத்தில் வீட்டை விட வண்டிக்குத்தான் மரியாதை. வண்டி நனையக்கூடாது என்று தார்ப்பாய் போட்டு மூடிய மனிதர், சுவர் நனையுமே என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. மழையும் இங்கே நேராகப் பெய்கிற மழை இல்லை, மேற்கே இருந்து காற்றோடு சாய்ந்து வந்து அறைகிற மழை. அந்த வருஷம் அது முழுக்கச் சுவரில் விழுந்தது.

அந்தச் சுவரை ஒட்டித்தான் மாமனாரின் கட்டில். முதல் மழை விட்ட மறுநாள் காலையில் நான் ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் அறை வாசலில் வந்து நின்றார்.

"சாமி, செவுத்துல ஓதம் ஏறுது பாரு" என்றார்.

நான் பிறந்தது சேலத்துக்குக் கிழக்கே, கெங்கவல்லிப் பக்கம். எங்கள் வீட்டில் சுவர் நனைந்தால் ஈரம் ஊறுது என்றுதான் பேச்சு. ஓதம் என்ற சொல்லை அன்றைக்குத்தான் காதால் கேட்டேன்.

"ஓதம்னா என்னங்க மாமா?"

"ஈரந்தாஞ் சாமி. செவுரு குடிச்ச தண்ணி" என்று துண்டின் நுனியால் சுவரைக் காட்டினார்.

எனக்கு அந்த வார்த்தையைக் கற்றுக் கொடுத்தவரே அவர்தான். அதற்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. அன்றைக்கு அதற்குத் தேவையும் இருந்திருக்காது, பாவம்.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்கிற காரியம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு வேறு வேலையாகப் போனபோது ஒரு பெயிண்ட் கடையில் சொன்னேன். மழைத் தண்ணியை அண்டவே விடாது என்று ஒரு டப்பாவைக் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு உள்பக்கம் முழுக்க நானே அடித்தேன். பளபளவென்று ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி ஆகிவிட்டது. அடுத்த மழைக்கு அந்தப் பளபளப்புக்குப் பின்னால் தண்ணீர் சேர்ந்து, பெயிண்ட் தோல் மாதிரி கிளம்பி, கொப்புளம் கொப்புளமாக நின்றது. ஒன்றை விரலால் குத்தினேன். தண்ணீர் என் முகத்திலேயே பீய்ச்சியது. இரண்டு நாள் கழித்து அந்தத் தோல் பட்டை பட்டையாக உரிந்து மாமனாரின் தலையணையில் விழுந்து கிடந்தது. அவர் அதைப் பொறுக்கி ஒரு முறத்தில் போட்டு வைத்திருந்தார், நான் வந்து பார்க்கட்டும் என்று.

இரண்டாவது, நம் ஆபீஸ் மூளை. பழைய லாரித் தார்ப்பாய் ஒன்றைக் கேட்டு வாங்கி, டிரைவர் ஒருவரைக் கூட்டி வந்து வெளிப்பக்கம் சுவர் முழுக்க மூடி, லோடு கட்டுகிற மாதிரி கயிறு போட்டு இழுத்துக் கட்டச் சொன்னேன். கட்டி முடித்துவிட்டு அவர் தள்ளி நின்று பார்த்தார்.

"ஏனுங்கக்கா, ஊட்டுக்கு லோடு ஏத்திட்டமுங்க. எந்த ஊருக்குன்னு சொன்னீங்கன்னா கெளம்பீரலாம்" என்றார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. சிரிப்பு காற்று வரும்வரைக்கும்தான். மேற்கத்திக் காற்று தார்ப்பாய்க்கு உள்ளே புகுந்து படார் படார் என்று அடித்ததில் நாய் கூட எங்கள் வாசலுக்கு வரவில்லை. உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவர் நாற ஆரம்பித்தது. ஊறப்போட்டு மறந்துபோன துணி நாறுமே, அந்த நாற்றம்.

இந்த நாட்களில் எப்போதோதான் அந்த வார்த்தை சுவரிலிருந்து இறங்கி அவர் உடம்புக்கு வந்திருக்க வேண்டும். எதுவரைக்கும் அவர் சுவரைச் சொன்னார், எதிலிருந்து தன்னைச் சொன்னார் என்று நானும் எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன், பிடிபடவில்லை. "ஓதம் கொறையல சாமி" என்பார். "ராத்திரியெல்லாம் தொந்தரவு" என்பார். "அதுக்கு ஒரு ஆளப் பாக்கோணும்" என்பார். ஒவ்வொன்றும் சுவருக்கும் பொருந்தியது. நான் என்ன ஜோசியக்காரியா?

ஆனால் அவர் நடை மாறியிருந்தது, அதைக் கவனித்தேன். காலை அகட்டி அகட்டி வைத்தார். சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவர், நாற்காலி வேண்டும் என்றார். தோட்டத்துக்குச் சைக்கிளில் போவதை விட்டுவிட்டு, உருட்டிக்கொண்டே நடந்து போனார். எந்நேரமும் துண்டை முன்பக்கம் தொங்கவிட்டுக் கையால் பிடித்துக்கொண்டிருந்தார். ஈரச் சுவர் பக்கத்தில் படுத்தால் மூட்டு பிடிக்கத்தானே செய்யும் என்று நான் தைலம் வாங்கி வைத்தேன். அதை முழங்காலில் தேய்த்துக்கொண்டார். கொடுத்ததற்காகத் தேய்த்திருக்கிறார், வேறென்ன.

என் கணவரும் போனில் சொன்னார். பின்னால் ரிக் ஓடுகிற இரைச்சலில் பாதிப் பேச்சு கேட்காது.

"அப்பா ஓதம் ஓதம்ங்கறாரு. நொம்பச் சிரமப்படறாராட்ட இருக்குது. நல்ல ஆளாப் பாத்துச் செரி பண்ணிரு."

"தாழ்வாரத்த வெட்டுனது நீங்க, செரி பண்றது நானுங்களா?" என்று கேட்டேன். இரைச்சலில் அது அவருக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி இருந்துகொண்டார்.

ஒரு கொத்தனாரைப் பிடித்தேன். வருகிறேன் வருகிறேன் என்று போக்குக் காட்டிவிட்டு ஒரு நாள் காலையில் வருவதாகச் சொன்னார். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு மாமனாரிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"மாமா, உங்க ஓதத்துக்கு நல்ல ஆளாப் பாத்தாச்சுங்க. இன்னைக்கி வாராருங்க."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். குளித்தார். வெளுத்த வேட்டி கட்டினார். கல்யாணத்துக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டு, தலையை வாரி, கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்துகொண்டார். கொத்தனார் வருவதற்கு இவர் எதற்கு மாப்பிள்ளைக் கோலம் போடுகிறார் என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

கொத்தனார் வந்தார். கையில் கரண்டி, தோளில் ஒரு கடப்பாரை, காதில் போன். யாரிடமோ மணல் லோடு பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே உள்ளே வந்து, மாமனாரைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தட்டினார். மாமனார் கரண்டியைப் பார்த்தார். கடப்பாரையைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். மெதுவாக எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கட்டிலைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார், வேலைக்கு இடைஞ்சலாக இருக்கக்கூடாது என்று.

கொத்தனார் வெளிப்பக்கம் போய், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த பழைய காரையைக் கம்பியால் குடைந்தார். அது மாவு மாதிரி உதிர்ந்தது. "கல்லு குடிக்கறதில்லீங்க, சந்துதான் குடிக்குது. காரை செத்துப் போச்சுங்க" என்றார். ஓர் இடத்தில் கம்பி அரை முழத்துக்கு உள்ளே போனது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கம்பியை வெளியே இழுத்தார், பின்னாலேயே சேறும் பொடிக்கல்லும் கொளகொளவென்று வந்து என் காலடியில் விழுந்தன. அந்தக் காலத்தில் வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை நல்ல கல்லாக அடுக்கிவிட்டு, நடுவில் சில்லுக்கல்லையும் மண்ணையும் போட்டு நிரப்பிவிடுவார்களாம். மழை சந்து வழியாகப் போய் அந்த நடுவயிற்றில்தான் தேங்கியிருக்கிறது. வெளியே பார்த்தால் கோட்டைச் சுவர், உள்ளே பூராவும் சேறு. இதை நம்பியா இத்தனை வருஷம் தலை சாய்த்தோம் என்று நான் வாய்விட்டுச் சொன்னேன். மாமனார் பக்கத்தில் துண்டைப் பிடித்தபடி நின்று அந்தச் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை இழுத்துக்கொண்டே போனது. தார்ப்பாயைக் கழற்றிச் சுவரை நன்றாகக் காயவிட்டார்கள். பெயிண்டைச் சுரண்டினார்கள். சந்துகளை ஆழமாகக் குடைந்து, சில்லு வைத்து, சுண்ணாம்புக் காரையைத் திணித்துத் திணித்து அடைத்தார்கள். சிமெண்ட் வைத்தால் என்ன என்று கேட்டேன். அது வெளியே வருகிற ஈரத்தையும் வெளியே விடாது, நீங்கள் அடித்த பெயிண்ட் மாதிரிதான் என்று கொத்தனார் குத்திக் காட்டினார். மேலே தகரம் போட்டு மறுபடியும் தாழ்வாரம் இறக்கினேன். ரிக் வண்டி வந்தால் ரோட்டில் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அதற்கப்புறம் வந்த பெரிய மழையை நான் அந்த அறைக்குள் நின்று வரவேற்றேன். வெளியே சாய்ந்து சாய்ந்து அறைந்தது. தகரம் தடதடத்தது. சுவரில் கையை வைத்தேன். காய்ந்திருந்தது. கன்னத்தை வைத்துப் பார்த்தேன். காய்ந்தே இருந்தது. எனக்கு ஒரே சந்தோஷம், பரீட்சையில் பாஸான மாதிரி.

"பாத்தீங்களாங்க மாமா? ஓதம் போயே போச்சு."

அவர் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். "எனக்கு அப்படியேதான் இருக்குது சாமி" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். எத்தனை நாள் அலைச்சல், எத்தனை பேரிடம் பேச்சு, எத்தனை லீவு. "கைய வெச்சுப் பாருங்க மாமா. எங்க இருக்குது? எனக்குக் காட்டுங்க பாக்கலாம்" என்று கத்தினேன். எங்கே இருக்கிறது காட்டுங்கள் என்று மருமகள் மாமனாரிடம் கத்தியிருக்கிறேன். இப்போது இதை எழுதும்போது கூட எனக்குக் காது சுடுகிறது. அவர் எழுந்து உட்கார்ந்தார். கையை நீட்டிச் சுவரில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்தார்.

"ஆமாஞ் சாமி. காஞ்சுதான் இருக்குது" என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்த வார்த்தையைச் சொல்வதை நிறுத்திவிட்டார். அப்பாடா, ஒரு தலைவலி விட்டது என்று நான் இருந்தேன்.

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை, காப்பியை எடுத்துக்கொண்டு போனேன். அவர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். தரையெல்லாம் வாந்தி. உடம்பு வேர்வையில் நனைந்திருந்தது. வயிறு கல்லாக இருந்தது. நான் பதறிப்போய்த் தலையைத் தூக்கிப் பிடித்து, என்னங்க மாமா, என்ன சாப்பிட்டீங்க என்று உலுக்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஓதஞ் சாமி."

நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், மனுஷன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார், நான் சுவர் நனைந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஜுரத்தில் பிதற்றுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரை எடுத்தார். சேலத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரைக்கும் மழை விடவில்லை. பின்சீட்டில் அவர் தலை என் மடியில் இருந்தது. அவர் ஒரு முனகல்கூட முனகவில்லை. துண்டை மட்டும் முன்பக்கம் இறுக்கிப் பிடித்திருந்தார். நான் கையை எடுத்துவிடப் பார்த்தேன், விடவில்லை.

உள்ளே திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். சின்ன வயசு டாக்டர். கொஞ்ச நேரத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். முகம் சரியில்லை.

"ஓதம் எவ்வளவு நாளா இருக்குங்க?" என்று கேட்டார்.

இவரிடமும் சுவர்ப் புராணத்தை ஆரம்பித்துவிட்டாரா என்று எனக்கு மாமனார் மேல் எரிச்சல். டாக்டர் கேட்கிறாரே என்று பதில் சொன்னேன்.

"போன மழையில இருந்துங்க சார். மேற்குப் பக்கந்தான். சந்தெல்லாம் அடச்சாச்சுங்க, மேல தகரம் போட்டாச்சு. இப்ப சுத்தமா இல்லீங்க."

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். பைத்தியமா இந்தம்மா என்றுதான் அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

"நான் பெரியவரைக் கேக்கறேம்மா" என்றார் டாக்டர். "விரையில தண்ணி கோத்து வீங்கினா ஓதம்பாங்க. இவருக்கு வீங்கி இவ்வளவு பெருசா இருக்கு. ஓதம்னு அவரே நெனச்சுட்டு இருந்திருக்காரு. ஆனா இது குடல் இறங்கி வந்து சிக்கியிருக்கு. ரத்த ஓட்டம் இல்லாமக் கருத்துப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து. உடனே ஆபரேஷன் பண்ணணும். இவ்வளவு நாள் வீட்ல யார்கிட்டயுமா சொல்லல?"

சொல்லவில்லையா? காலையில் சொன்னார், சாயங்காலம் சொன்னார், சோறு போடும்போது சொன்னார், மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார். சொன்னதையெல்லாம் நான் கொத்தனாரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். வெள்ளைச் சட்டை, வாரிய தலை, கட்டில் விளிம்பில் தொங்கிய கால் எல்லாம் ஒரே நேரத்தில் கண்முன்னால் வந்தன. அங்கே கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். தோட்டத்துக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன பிறகு கணவருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ரிக் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் யாரையோ வண்டியை நிறுத்தச் சொன்னார். இரைச்சல் அடங்கியது.

"எங்கிட்டயும் ஓதம்னுதான் சொன்னாரு" என்றார். "நீ செவுரு செவுருன்னு சொல்லிட்டே இருந்தியா, நானும் செவுருன்னே..."

"நான் வெளியூர்க்காரிங்க. நீங்க இந்த ஊட்டுலயே பொறந்தவரு. ஓதத்துக்கு இந்த அர்த்தமும் இருக்குதுன்னு உங்களுக்குத் தெரியுமா தெரியாதுங்களா?"

"தெரியும்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

குடலில் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். ஆள் பிழைத்தார். வார்டுக்கு வந்து வாய் பேசத் தொடங்கிய அன்றைக்கே, உடம்பு தேறட்டும் என்றெல்லாம் நான் காத்திருக்கவில்லை, கேட்டுவிட்டேன்.

"ஏனுங்க மாமா, நேராச் சொல்லியிருக்கலாமில்லீங்க?"

கூரையைப் பார்த்தபடி இருந்தார். "மருமவகிட்ட எப்படிச் சாமி சொல்றது? செவுத்தச் சாக்கா வெச்சுச் சொன்னா நீயே புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்."

"எனக்கு அந்த வார்த்தையச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானுங்க. ஈரம்னுதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆமா" என்றார். அது அவருக்கும் அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

"அன்னைக்கி ஆள் வாராருன்னதும் சட்ட போட்டுட்டு உக்காந்திருந்தீங்களே?"

"வைத்தியர்னு நெனச்சேன்."

"கரண்டியப் பாத்த பொறகாவது சொல்றதுக்கென்னங்க?"

போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தாளு முன்னாடி என்னத்தச் சொல்றது. செரி, செவுத்துக்காவது நல்லாகட்டும்னு உட்டுட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வந்தது, அதைவிடப் பெரிதாகக் கோபம் வந்தது. உயிரை விட வெட்கம் பெரிதா என்று வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். வீட்டுக்கு வந்ததும் சட்டம் போட்டேன். இனிமேல் இந்த வீட்டில் ஓதம் என்ற பேச்சே இருக்கக்கூடாது. சுவர் நனைந்தால் ஈரம். உடம்புக்கு ஒன்று என்றால் உடம்பு. சரி என்று தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பினேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அடுத்த மழைக்காலம் வந்தது. தகரத்தின் ஓரம் காற்றில் பெயர்ந்திருந்தது, நான் கவனிக்கவில்லை. அடைமழை பெய்து விட்ட ஒரு காலை அவர் அறைக்குப் போனேன். கட்டில் நடு அறைக்கு வந்திருந்தது. சுவரில் அவர் தலைமாட்டுப் பக்கம் கல் சந்தில் துண்டைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தார். துண்டு தொப்பலாக நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. கீழே அவர் சாப்பிடுகிற வட்டிலை வைத்திருந்தார். அது நிரம்பி வழிந்து, போர்வை பாதி ஈரத்தில் கிடந்தது. ராத்திரி பூராவும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்.

"ஏனுங்க மாமா, என்னையக் கூப்பிட்டிருக்கலாமில்லீங்க?"

"என்னன்னு சாமி கூப்பிடறது?" என்றார். "அந்த வார்த்தய எப்படி வாயில எடுக்கறது."

நான் ஈரம் என்று சொல்லச் சொல்லியிருந்தேன். எனக்கு அர்த்தம் சொல்ல வந்த அந்தச் சொல், சுவரைச் சொல்ல அவருக்கு வரவில்லை. எழுபது வருஷத்துக்கு மேல் ஓதம் என்று சொன்ன வாய். இப்போது சுவர் நனைவதும் அவருக்கு வெளியே சொல்லக் கூடாத அசிங்கமாகப் போய்விட்டது. உடம்பின் கூச்சத்தைச் சுவருக்குள் ஒளித்து வைத்த மனுஷன், இப்போது சுவரைச் சொல்லவும் கூசிக்கொண்டு ஈரப் போர்வையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் உட்கார்ந்திருந்த விதத்தை அப்போதுதான் பார்த்தேன். துண்டு சுவரில் இருந்தது. அதனால் வேட்டியின் முன்மடிப்பைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

வாசற்படியில் உட்கார்ந்தேன். நம் குரல்தான் ஊருக்கே கேட்குமே, அதை முடிந்தவரைக்கும் இறக்கினேன்.

"மாமா, ஓதமுங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆட்டவில்லை.

"செவுத்துக்குங்களா, உங்களுக்குங்களா?"

வட்டிலில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல், நனைந்த சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"ரெண்டுக்குந்தாஞ் சாமி. எனக்கு இப்ப இன்னொரு பக்கம்."

நான் போனை எடுத்து முதலில் தோட்டத்துக்காரரைக் காரைக் கொண்டுவரச் சொன்னேன். கொத்தனாருக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். திரும்பிப் பார்த்தபோது மாமனார் எழுந்து, ஆணியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.